டத்தோ போட்ட மரக்கிளை

ஆகஸ்ட் 12, செவ்வாய்.
இன்றைய தவறு: கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். அதோடு நிறுத்தாமல் கேட்காத கேள்விக்கும் சொன்னேன். சிறு தவறுதான் என்று நினைக்கிறேன்.

இதுவரை எழுதிவிட்டு ஹைக்கல் பேனாவை மூடினான். பிறகு திறந்து ‘சிறு’ என்ற சொல்லை அடித்தான். அடித்தது மிகையோ என்று தோன்ற, அதற்கு மேலே மறுபடியும் ‘சிறு’ என்று எழுதினான்.

வாரம் இரண்டு மாலை அவன் செயலர் பயிற்சி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும், அது ஒரு தவறில் தொடங்கி மறுநாள் வேலையில் முடிய வேண்டும் என்பது அங்கே ஆசிரியை போட்ட விதி. மற்ற மாணவர்கள் தவறு கிடைக்காமல் திண்டாடினார்கள். ஹைக்கலுக்கோ எதை விடுவது என்பதுதான் திண்டாட்டம்.

பகலில் அவன் டயர் கடையில் வேலை பார்த்தான். ஞாயிறு காலைகளில் கெலாடி மலைச் சைக்கிள் சங்கத்தின் செயலர். செயலரைத் தேர்ந்தெடுத்த அன்று அவன் கழிப்பறைக்குப் போயிருந்தான். திரும்பி வந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் அவனும் தட்டினான்.

புக்கிட் கெலாடி ஊருக்கு நடுவில் நிற்கும் குன்று. மூன்று பக்கம் அடுக்குமாடி, ஒரு பக்கம் நெடுஞ்சாலை, மேலே கொஞ்சம் காடு. அந்தக் காட்டுக்குள் ஒரு சைக்கிள் மட்டும் போகும் அகலத்தில் ஒரு மண் தடம் ஓடுகிறது. சங்கத்தார் வருடக்கணக்காக ஞாயிறுதோறும் மண்வெட்டியோடு போய், மழைநீருக்கு வழி பிரித்து, வேர்களுக்கு மண் அணைத்து உண்டாக்கிய தடம். அதில் ஒரே ஒரு வளைவு ஹைக்கல் தன் கையால் கட்டியது. வெளிப்பக்கம் மண்ணைச் சரிவாக உயர்த்தினால் சக்கரம் சாய்ந்து வழுக்காமல் திரும்பும். அவன் கட்டியதில் சரிவு கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. கட்டியவனே அதில் மூன்று முறை விழுந்ததால் அதற்கு ‘ஹைக்கல் வளைவு’ என்று பெயர் நிலைத்துவிட்டது. உலகத்தில் தன் பெயர் தாங்கி நிற்கும் ஒரே பொருள் அதுதான் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் மழை பெய்யும் நாளில் கடையில் நின்றபடி அந்த வளைவைப் பற்றித்தான் கவலைப்படுவான்.

சங்கடம் சென்ற ஆண்டு தொடங்கியது. கெலாடி நகராண்மைக் கழகத்தில் ‘வடிகால், புதர்ப் பிரிவு’ என்று ஒன்று இருந்தது. அதற்குக் ‘குன்று நல்வாழ்வுப் பிரிவு’ என்று புதுப்பெயர் வைத்தார்கள். பெயர் மாறினால் வேலையும் மாற வேண்டுமல்லவா? முதல் வேலையாகப் புதர் வெட்டுவதை நிறுத்தினார்கள். பிறகு பிரிவின் இயக்குநர், ‘டத்தோ’ என்ற அரசுப் பட்டம் பெற்ற முஸ்தக்கிம், குன்றின் நல்வாழ்வுக்கு இடையூறு எது என்று ஆராய ஒரு குழு போட்டார். குன்றில் ஆள் ஏறுவதுதான் இடையூறு என்று குழு கண்டுபிடித்தது. ஏறுகிறவர்களில் நடப்பவர்களைப் பார்த்தால் வாக்காளர்கள்போல் இருந்தது. சைக்கிளோட்டிகளைப் பார்த்தால் சேறுபோல் இருந்தது. முடிவெடுக்க அதிக நேரம் ஆகவில்லை.

முதலில் ‘சைக்கிளுக்குத் தடை’ என்று ஒரு பலகை வைத்தார்கள். சைக்கிள் சாய்த்து வைக்க அதுவரை அங்கே எதுவும் இல்லாததால் சங்கத்தார் மகிழ்ந்தார்கள். அடுத்து வேலி வந்தது. மூன்றாம் நாளே அதில் ஓட்டை விழுந்தது. ஓட்டை போட்டவர்கள் நகராண்மையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, காலையில் குன்றின்மேல் கை கால் அசைக்கப் போகிறவர்கள். சைக்கிள் நுழையும் அகலத்துக்கு அவர்களே பெரிதாக வெட்டித் தந்தார்கள். பிறகு ஒரு காவலரை நிறுத்தினார்கள். தடத்துக்கு ஐந்து நுழைவு. காவலர் ஒருவர், நாற்காலி ஒன்று. “நாளைக்கு எந்தப் பக்கமாப் போவீங்க? சொல்லிட்டீங்கன்னா நான் நாற்காலியை வேற பக்கம் போட்டுக்குவேன். உங்களுக்கும் சங்கடம் இல்ல, எனக்கும் சங்கடம் இல்ல” என்று அவர் தன்மையாகக் கேட்டார்.

மூன்றும் தோற்ற பிறகுதான் நகராண்மை மக்களோடு பேசுவதென்று முடிவு செய்தது. அந்தக் கலந்துரையாடல் நடந்த நாள்தான் ஆகஸ்ட் பன்னிரண்டு.

மண்டபத்தில் குளிர்சாதனக் காற்று எலும்பைத் தொட்டது. நிகழ்ச்சி நிரலில் வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை, தேநீர் எல்லாம் முடிந்தபின் கடைசியாக ‘மக்கள் கருத்து’ இருந்தது. டத்தோ ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

“எங்க நகராண்மை ரொம்ப வெளிப்படையான நகராண்மை. முடிவெடுத்த பிறகு மக்களைக் கேக்காம நாங்க இருந்ததே இல்ல. இந்தக் குன்று மக்களோட சொத்து. அதனாலதான் மக்கள்கிட்டேயிருந்து அதைக் காப்பாத்த இவ்வளவு பாடுபடுறோம்!”

முன்வரிசை கைதட்டியது. முன்வரிசை முழுவதும் அவருடைய பிரிவு.

“ஆனா இந்தச் சைக்கிள்காரங்க இருக்காங்களே, பலகை வெச்சோம், மதிக்கல. வேலி போட்டோம், மதிக்கல. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்களுக்குக் கட்டுப்பாடுன்னு ஏதாவது இருக்கா?”

சங்கத் தலைவர் தயாளன் வாகனக் காப்புறுதி முகவர். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் பேசத் தெரிந்தவர். அவர் எழுந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் ஹைக்கலுக்குச் சுருக்கென்றது. எழுந்துவிட்டான்.

“இருக்கு டத்தோ. எங்க ஆளுங்க ஒரு மரக்கிளையைக்கூட மீற மாட்டாங்க.”

டத்தோவின் உதவியாளர் நோர்ஷிலா, எல்லாரும் மரியாதையாகப் ‘புவான்’ என்று அழைப்பவர், எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“மரக்கிளையா?” என்றார் டத்தோ.

“ஆமா டத்தோ. மழை பேஞ்சா மண்ணு இளகிடும். அதுல ஓட்டுனா சக்கரம் பதிஞ்சு தடம் கெட்டுப்போவும். அதனால முதல்ல வந்து பாக்கறவரு தடத்துக்குக் குறுக்க ஒரு கிளையை வெட்டிப் போட்டுடுவாரு. அதுக்கப்புறம் யாரும் தாண்ட மாட்டோம், வேற நுழைவு வழியாவும் போவ மாட்டோம்.”

“எவ்வளவு பெரிய கிளை?”

“குச்சியா இருந்தாலும் சரி டத்தோ. கிளை கிளைதான்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆன்ட்டி சுவீ லான் அவன் கணுக்காலில் ஓர் உதை விட்டார். சங்கத்தில் மண்வெட்டி பிடிப்பவர்களுக்கெல்லாம் தலைவி அவர். ஓய்வு பெறும்வரை பல் மருத்துவமனையில் செவிலியாக இருந்தவர், ஆகவே எந்த இடத்தில் வலிக்கும் என்று தெரியும். ஆனால் ஹைக்கலுக்கு வேகம் வந்துவிட்டது. கிளை வழக்கத்தில் இன்னும் பாதி இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது நேரம் முடிந்ததென்று மணி அடித்தார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தன் குரலில் கத்தும். ஹைக்கலுக்கு நகராண்மை ஒலிபெருக்கி கொடுத்திருந்தது.

அடுத்த வாரமே மரக்கிளைச் செயற்குழு அமைந்தது. புக்கிட் கெலாடி முழுக்கக் கிளைகள் கிடந்தன. ஆனால் குன்றிலிருந்து கிளை எடுப்பது குற்றம் என்று பிரிவே ஒரு பலகை வைத்திருந்தது. சொந்தப் பலகையை மீற முடியாததால் வேறு மாவட்டத்திலிருந்து கிளை தருவித்தார்கள். வந்த கிளையில் இலை இருந்தது. அரசு அலுவலில் உதிரக்கூடிய பொருள் இருக்கக் கூடாது என்று இலைகளை நீக்கினார்கள். மழைக்குத் தாங்க வார்னிஷ் பூசினார்கள். நகராண்மைச் சின்னம் பொறித்த பித்தளைத் தகடு அடித்தார்கள். எல்லாம் முடிந்தபின் அது கிளைபோல் இல்லை என்று செயற்குழுவில் ஒருவர் குறிப்பிட, ‘மரக்கிளை’ என்று தகட்டில் எழுதிச் சேர்த்தார்கள்.

கிளை போடும் விழாவுக்குச் சங்கத்தை ‘நல்லுறவுப் பங்காளி’ என்று குறிப்பிட்டு அழைப்பு வந்தது. புறக்கணிக்க வேண்டும் என்று தயாளன் முழங்கினார். அழைப்பின் கடைசி வரியில் ஆட்டிறைச்சி பிரியாணி என்றிருந்தது. புறக்கணிப்பதைச் சாப்பிட்ட பிறகு செய்யலாம் என்று முடிவாயிற்று.

வெயில் கொளுத்திய நாள். மண் கல்லாகக் காய்ந்திருந்தது. கூடாரம், கொம்பாங் மேளம், பட்டு ரிப்பன். டத்தோ கிளையை இரு கையாலும் ஏந்தி வந்து தடத்தின் குறுக்கே வைத்தார். ஒரு பத்திரிகைக்காரருக்குப் படம் சரியாக விழவில்லை. எடுத்து மறுபடியும் வைத்தார். இப்படி நான்கு முறை. பிறகு பேசினார்.

“சிலர் சொல்றாங்க, அதிகாரிங்க மக்கள் வழக்கத்தை மதிக்கறதில்லைன்னு. இன்னைக்கி நான் பகிரங்கமாச் சொல்றேன். சைக்கிள் சங்கத்தோட கிளை வழக்கத்தை ஒரு எழுத்துக்கூடக் குறையாம, முழுசா, நகராண்மை ஏத்துக்கிடுச்சு! இனிமே உங்க வழக்கம்தான் எங்க சட்டம்!”

சங்கத்தார் கைதட்டினார்கள். ஹைக்கலும் தட்டினான். எதற்காகத் தட்டுகிறோம் என்று தெரியாமல் தட்டுவது அவனுக்கு இது இரண்டாம் முறை.

ஞாயிறு காலை சங்கத்தார் வழக்கம்போல் வந்தார்கள். பலகையில் சைக்கிளைச் சாய்த்தார்கள். வேலி ஓட்டையில் குனிந்து நுழைந்தார்கள். காவலருக்கு வணக்கம் சொன்னார்கள். கிளையைப் பார்த்ததும் நின்றார்கள்.

“என்னய்யா இது? வேலியையே தாண்டி வந்தவங்க நாம. இது வெறும் கட்டை” என்றார் தயாளன்.

“அப்போ நீங்க முதல்ல போங்க, தலைவரே” என்றார் சுவீ லான்.

“போறேன். எனக்கென்ன பயமா?” தயாளன் சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்தார். ஒரு காலைக் கிளைக்கு மேலே கொண்டுபோனார். அந்தக் கால் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி வந்தது. “எனக்கு முட்டி வலி இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.”

“இது மழைக்காகப் போட்ட கிளை இல்லியே. செல்லாதுன்னு நெனைக்கறேன். ஆனா எனக்கு நிச்சயமாத் தெரியல” என்றான் ஹைக்கல்.

“செல்லாதுன்னா தாண்டு” என்றார் சுவீ லான்.

“செல்லுச்சுன்னா?”

எல்லாருக்கும் ஒரு பல் டாக்டரின் நினைவு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் சுவீ லான்தான் அவரைச் சங்கத்துக்கு அழைத்து வந்தார். ஒரு நாள் அந்த டாக்டர் ஈர மண்ணில் கிளையைத் தாண்டிப் போனார். யாரும் அவரைத் திட்டவில்லை. ஆனால் அதன்பிறகு அவர் சக்கரத்தில் காற்று இறங்கினால் ஒருவரிடமும் பம்பு இருக்காது. “இப்ப பேட்மிண்டன் ஆடறாராம்” என்று சங்கத்தில் அவரைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

எனவே முப்பது பேரும் வார்னிஷ் பூசிய அந்தக் கட்டைக்கு முன்னால் உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். நகராண்மையை வாய் வலிக்கத் திட்டினார்கள். எவ்வளவு வீரமாகத் திட்டினாலும் ஒருவர் காலும் கட்டைக்கு அந்தப் பக்கம் நீளவில்லை. பிறகு தார்ச் சாலை வழியாக வீடு திரும்பினார்கள்.

இப்படியே வாரங்கள் போயின. புவான் நோர்ஷிலா தடத்தின் உள்ளே நாற்காலி போட்டு, கையில் எண்ணும் பொறியோடு உட்கார்ந்து, வருகிற சைக்கிள்களை எண்ணினார். அக்டோபரில் சங்கத்துக்கு ஓர் அறிவிப்பு வந்தது. ஆய்வுக் காலத்தில் ஒரு சைக்கிள்கூடப் போகாததால் தடம் யாருக்கும் தேவையில்லை என்று உறுதியாகிவிட்டது. அந்த இடத்தில் பாத நலத்துக்குக் கூழாங்கல் பதித்த நடைபாதையும் ஓய்வுக் குடிலும் வரும். வரைபடம் இணைப்பில்.

ஹைக்கல் வரைபடத்தை விரித்துப் பார்த்தான். ஓய்வுக் குடில் சரியாக அவனுடைய வளைவின்மேல் நின்றது. காரணமும் அடிக்குறிப்பில் இருந்தது: ‘தடத்திலேயே சமதளமாக உள்ள இடம் இது ஒன்றே.’

அந்த வரியை அவன் பலமுறை படித்தான். தடம் போகிறதே என்ற துக்கம் ஒரு பக்கம். சரிவு கூடவா குறைவா என்ற விவாதத்துக்கு நகராண்மையே தீர்ப்புச் சொல்லிவிட்டதே என்ற துக்கம் ஒரு பக்கம்.

மறுநாள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நகராண்மைக்குப் போனான்.

“புவான், யாரும் போகலைன்னு எழுதியிருக்கீங்க. கிளை கெடக்குதே, எப்படிப் போவோம்?”

நோர்ஷிலா இரக்கத்தோடுதான் பார்த்தார். “கிளை போட்டது நீங்க போகக் கூடாதுன்னுதான், என்சிக் ஹைக்கல். ஆனா நீங்க போகலைன்னா, போகலைன்னுதானே நான் எழுத முடியும்?”

“அப்போ நாங்க என்ன செஞ்சிருக்கணும்?”

“கொஞ்சமாவது மீறியிருக்கணும். வேலி போட்டப்போ எவ்வளவு அழகா மீறினீங்க! இப்படிக் கட்டுப்பாடா இருந்தா எங்களால எப்படி உதவ முடியும்?” அவர் குரலைத் தாழ்த்தினார். “சரி, நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. நம்ம கிளை மாநிலப் புத்தாக்க விருதுக்கு இறுதிச் சுற்றுக்குத் தேர்வாயிருக்கு. அடுத்த வாரம் நடுவருங்க வர்றாங்க. கிளையைப் போடறதை வீடியோவுல பாத்துட்டாங்க. எடுக்கறதை நேர்ல பாக்கணுமாம். எங்க செயல்முறைக் கையேட்டுல அந்தப் பக்கம் காலியா இருக்கு. கிளையை எப்படி எடுப்பீங்க?”

ஹைக்கல் வாயைத் திறந்தான். ஆகஸ்ட் பன்னிரண்டு நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டான்.

“சங்கத்துல கேட்டுச் சொல்றேன் புவான்.”

அன்று மாலை சாப்பாட்டுக் கடையில் தயாளனிடமும் சுவீ லானிடமும் இதைச் சொன்னபோது சுவீ லான் தேநீரைக் கீழே வைத்தார்.

“டேய், அன்னைக்கி நீ பாதிதான் சொன்னியா?”

“மணி அடிச்சுட்டாங்க ஆன்ட்டி.”

“மிச்சப் பாதி என்ன, சொல்லு பாப்போம்.”

“போட்டவருதான் எடுக்கணும். எடுக்கறதுக்கு முன்னாடி மண்ணு காஞ்சிடுச்சான்னு அவரே ஒரு தடவை முழுத் தடத்தையும் ஓட்டிப் பாக்கணும்…” சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

சுவீ லான் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அடுத்த மேசைக்காரர்களும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள்.

“ஒரு எழுத்துக்கூடக் குறையாமன்னு டத்தோ சொன்னாரு, எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு” என்று தயாளன் பரவசத்தோடு எழுந்தார். “செக்ரட்ரி, நாளைக்கே போ. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஆனா இந்தத் தடவை முழுசாச் சொல்லிட்டு வா!”

டத்தோவின் அறையில் கம்பளம் சேறுபோல் காலை இழுத்தது. ஹைக்கல் சொல்லி முடித்ததும் டத்தோ நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

“பிரதிநிதியை அனுப்பலாமா?”

“போட்ட கைதான் எடுக்கணும் டத்தோ.”

“துணை இயக்குநர் நல்லா விளையாடுவாரு.”

“அவர் போடலையே டத்தோ. நீங்க போட்ட படம் பேப்பர்ல வந்திருக்கு.”

“நாலு பேப்பர்ல” என்றார் நோர்ஷிலா. கோப்பைப் புரட்டி உரையின் வரியையும் எடுத்துக்காட்டினார்.

“நடுவருங்ககிட்ட எடுக்கற வழக்கமே இல்லைன்னு சொல்லிட்டா?”

“அப்போ அது கிளை இல்ல டத்தோ, வேலி. வேலிக்குப் போன வருஷமே யாரோ விருது வாங்கிட்டாங்க” என்றார் நோர்ஷிலா.

டத்தோ அவரைத் தேநீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார். கதவு சாத்தியதா என்று எட்டிப் பார்த்தார். பிறகு கோப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.”

ஹைக்கலின் செயலர் வகுப்பில் இதற்குப் பாடம் இல்லை.

“வீட்ல ஒரே சைக்கிள். அண்ணன் ஓட்டுவான், நான் பின்னாடி உக்காந்துக்குவேன். அப்புறம் ஆபீஸ் கார் வந்துடுச்சு. அதுலயும் பின்னாடிதான்.” மேடையில் இருந்த குரல் இப்போது இல்லை. “விருது வாங்கின பிறகு அந்தக் குடிலைக் கட்டத்தான் வேணும். அதுக்கு ஒதுக்கீடு வந்தாச்சு.”

“தடம் இல்லைன்னா கிளையை எதுக்குக் குறுக்க போடுவீங்க டத்தோ? அடுத்த வருஷமும் நடுவருங்க வந்து பாத்தா?”

சொன்ன பிறகுதான் இதுவும் கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில் என்று ஹைக்கலுக்கு உறைத்தது. டத்தோ வரைபடத்தை இழுத்து, பேனாவால் குடிலை அடித்து, அடிவாரத்தில் வாகன நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டார்.

“நான் ஓட்டி முடிச்சுக் கிளையை எடுத்தேன்னா குடில் இங்க. எடுக்க முடியலைன்னா பழைய இடம்தான். சரியா? உங்க சங்கத்துல நல்லா ஓட்டறவங்க யாரு?”

“எல்லாருமே டத்தோ. என்னைத் தவிர.”

“உனக்கு என்ன தெரியும்?”

“விழத் தெரியும் டத்தோ. நிறைய விழுந்திருக்கேன்.”

டத்தோ அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவன் முழங்கைத் தழும்பில் பார்வை நின்றது.

“அப்போ நீயே வந்து சொல்லிக் குடு. மத்தவங்கன்னா சிரிப்பாங்க.”

அக்டோபர் 17, வெள்ளி.
இன்றைய தவறு: தடத்தில் கடினமான இடம் உண்டா என்று டத்தோ கேட்டார். ஒரு வளைவு உண்டு என்றேன். அதை எந்த மடையன் கட்டினான் என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.
நாளைய வேலை: காலை ஏழு மணி, நகராண்மை வாகன நிறுத்துமிடம். இருக்கையை டத்தோவின் உயரத்துக்கு இறக்க வேண்டும். தலைக்கவசம் இரண்டு, முழங்கால் கட்டு இரண்டு சோடி எடுத்துப் போக வேண்டும். முதலில் பிரேக் பிடிக்கச் சொல்லித் தர வேண்டும்.